தோட்டமும் முகவரியும்: பேராக் தமிழரின் வசிப்பிடச் சான்று குறித்த ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

அரசு அலுவலகம் ஒன்றில் நுழையும் எவரும் எதிர்கொள்ளும் எளிய வினாக்களுள் ஒன்று, ‘உங்கள் நிலையான முகவரி எது?’ என்பதாகும். மின்கட்டணச் சீட்டோ நிலப்பட்டாவோ வாடகை ஒப்பந்தமோ கையில் உடையவருக்கு இவ்வினா ஒரு கணத்தில் தீர்ந்துவிடும். ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, அதே தோட்டத்தில் பால்மரம் வெட்டி, பிள்ளைகளையும் அங்கேயே வளர்த்து முதுமை எய்திய ஒருவருக்கு இது அவ்வளவு எளிதாக இருந்ததில்லை. வாழ்நாள் முழுவதும் ஓரிடத்தில் வாழ்ந்தும், அங்கு வாழ்ந்ததைக் காட்டக் கையில் ஒரு தாளும் இல்லாத நிலை, பேராக் மாநிலத்தின் பழைய தோட்டப்புறங்களைச் சேர்ந்த பலருக்கு நேர்ந்தது.

இந்நிலைக்குத் தொழிலாளரின் கல்வியின்மையையும் அக்கறையின்மையையும் காரணமாகக் கூறுவது வழக்கம். அவற்றுக்கும் ஓரளவு பங்குண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், இவை மட்டுமே காரணமாயின், தோட்டத்தைவிட்டு நகருக்கு வந்து, பள்ளிக்கல்வியும் பெற்ற அடுத்த தலைமுறை இச்சிக்கலிலிருந்து முற்றாக விடுபட்டிருக்க வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. தோட்டத்தில் குடியிருந்தவர் தொழிலாளி. குடியிருந்ததற்கான ஏடுகளை வைத்திருந்ததோ தோட்ட நிருவாகம். அரசு ஆண்டுக்கணக்கைக் கேட்ட ஒவ்வொரு முறையும் தொழிலாளி தன் வாழ்வுக்கான சான்றைப் பிறரிடம் கேட்டுப் பெறவேண்டியிருந்தது. இதுவே சிக்கலின் வேர் என்பதை இக்கட்டுரை வரலாற்று அடிப்படையில் விளக்க முற்படுகிறது.

தோட்டம் என்னும் வசிப்பிடம்

மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910ஆம் ஆண்டில் முடிவுக்கு வந்தது. அதன் பின்னர் கங்காணி முறையும், 1907ஆம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்ட தமிழர் குடியேற்ற நிதியின் துணையுடன் வந்தோரின் வருகையும் தோட்டங்களை நிரப்பின. இந்திய அரசு 1938ஆம் ஆண்டில் தொழிலாளர் குடிபெயர்வைத் தடைசெய்யும்வரை இவ்வரவு நீடித்தது. பேராக்கில் சுங்கை சிப்புட், கோலகங்சார், பத்து காஜா, தெலுக் இந்தான், பாகான் செராய் முதலிய வட்டாரங்களின் தோட்டங்களில் தமிழர் குடியேறினர்.

இவர்களுக்குத் தோட்டம் வேலையிடமாக மட்டும் அமையவில்லை. வீடு, மருத்துவமனை, ஆயாக்கொட்டகை, கோயில், பள்ளி, மளிகைக்கடை, இடுகாடு ஆகிய அனைத்தும் தோட்ட எல்லைக்குள்ளேயே இருந்தன. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் தோட்ட நிருவாகமே பள்ளி அமைக்கவேண்டும் என விதித்தது. பிறப்பு முதல் இறப்புவரை தோட்ட எல்லையைத் தாண்டவேண்டிய தேவை மிகக் குறைவாகவே இருந்தது.

ஆனால் அந்த வீடு தொழிலாளிக்கு உரியதன்று. வேலை உள்ளவரை வீடு. வேலை போனால் வீடும் போயிற்று. லயத்து வீடுகளுக்கு எண்ணிட்டது தோட்ட நிருவாகமேயன்றி ஊராட்சி மன்றமன்று. தொழிலாளிக்கு வரும் கடிதம் தோட்ட அலுவலகத்திற்கு வந்து, கிராணியின் கைவழியே அவனை அடைந்தது. மின்விளக்கு எரிந்த தோட்டங்களிலும் பெரும்பாலும் தோட்டத்து இயந்திரமே மின்சாரம் தந்தது. எனவே தொழிலாளியின் பெயரில் ஒரு கட்டணச் சீட்டும் உருவாகவில்லை. நிலவரி, வீட்டுவரி எதுவும் அவன் பெயரில் செலுத்தப்படவில்லை. பிற்காலத்து அலுவலகங்கள் வசிப்பிடச் சான்றாக ஏற்கும் தாள்களுள் எதுவும் லயத்து வீட்டில் பிறப்பதற்கு வழியில்லை.

தொழிலாளியின் பெயர் நாள்தோறும் எழுதப்பட்ட ஏடு ஒன்று உண்டு. அதுவே செக்ரோல். விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு, வந்தவர் வராதவர் கணக்கை அதில் பதிந்தனர். ஒருவர் எந்த ஆண்டில், எந்தத் தோட்டத்தில் இருந்தார் என்பதற்கு அதைவிட நேரிய சான்று வேறில்லை எனலாம். ஆயினும் அது சம்பளக் கணக்கிற்காக எழுதப்பட்டது. வேலைக்குச் செல்லாத முதியோர், குழந்தைகள், பேறுகாலத்துத் தாய்மார் ஆகியோர் அதில் இடம்பெறவில்லை. ஒப்பந்தக்காரரின்கீழ் வேலை செய்தோரின் பெயர்கள் அவருடைய சொந்தக் குறிப்பேட்டில் மட்டுமே இருந்தன. மேலும், தமிழ்ப் பெயர்களை உரோமன் எழுத்தில் எழுதிய கிராணிகள் தத்தம் காதுக்குப் பட்டவாறு எழுதினர். ஒரே பெண் ஓர் ஏட்டில் முனியம்மாளாகவும் மற்றோர் ஏட்டில் மூனியம்மாவாகவும் பதிவானது இதனாலேயே. அன்று எவருக்கும் இடையூறு தராத இச்சிறு வேறுபாடு, பின்னாளில் இருவேறு மனிதராகக் கொள்ளப்படுவதற்கு இடமளித்தது.

ஆண்டுக்கணக்கின் தொடக்கம்: 1946 – 1948

இரண்டாம் உலகப்போருக்குப் பின்னரே ‘எத்தனை ஆண்டு இங்கு வசித்தாய்?’ என்னும் வினா தோட்டத் தொழிலாளியை நோக்கி எழுந்தது. 1946ஆம் ஆண்டின் மலாயன் யூனியன் திட்டம், 15 ஆண்டுகளில் 10 ஆண்டு வசித்தோருக்குக் குடியுரிமை வழங்க முன்வந்தது. மலாய்க்காரரின் கடும் எதிர்ப்பால் அத்திட்டம் கைவிடப்பட்டது. அதற்கு மாற்றாக 1948 பிப்ரவரி 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த மலாயாக் கூட்டரசு உடன்படிக்கை, விதிகளைக் கடுமையாக்கியது. விண்ணப்பத்தின்வழிக் குடியுரிமை பெற, மலாயாவில் பிறந்தவர் முந்திய 12 ஆண்டுகளில் 8 ஆண்டும், வெளியே பிறந்தவர் முந்திய 25 ஆண்டுகளில் 15 ஆண்டும் வசித்திருக்க வேண்டும். மலாய் அல்லது ஆங்கில மொழியறிவும், நிலையாகக் குடியிருக்கும் எண்ணத்தை அறிவிக்கும் உறுதிமொழியும் வேண்டப்பட்டன.

இக்கணக்கு தோட்டத் தொழிலாளியின் வாழ்க்கைப் போக்கோடு எவ்வாறு பொருந்தியது என்பதை நோக்கவேண்டும். 1948இலிருந்து 25 ஆண்டு பின்னோக்கினால் 1923ஆம் ஆண்டை அடைகிறோம். இடைப்பட்ட காலத்தில் இரு பெரும் குலைவுகள் நேர்ந்தன. முதலாவது, 1930களின் தொடக்கத்தில் ஏற்பட்ட பொருளாதார மந்தம். ரப்பர் விலை வீழ்ந்தபோது ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் தென்னிந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். 1934ஆம் ஆண்டில் குடிபெயர்வு மீண்டும் தொடங்கியதும் பலர் திரும்பி வந்தனர். இரண்டாவது, 1942 முதல் 1945 வரையிலான சப்பானியர் ஆட்சி. பல்லாயிரம் தமிழர் சயாம்–பர்மா இரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்; தோட்ட நிருவாகங்கள் சிதைந்தன.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். 1926இல் வந்து, 1930இல் திருப்பி அனுப்பப்பட்டு, 1934இல் மீண்டும் வந்த ஒருவர் 1948இல் ஏறத்தாழ 18 ஆண்டு வசிப்பைக் கூறமுடியும். ஆனால் முதல் நான்கு ஆண்டுகளை நிறுவத் தவறினால் அவருக்கு எஞ்சுவது 14 ஆண்டுகளே. விதிக்கு ஓராண்டு குறைவு. அந்த நான்கு ஆண்டுகளின் செக்ரோல் வேறொரு தோட்டத்தில் இருந்திருக்கலாம், போரில் அழிந்திருக்கலாம். விலை வீழ்ச்சியின்போது அவரை அனுப்பிவைத்தது அவருடைய விருப்பமன்று. ஆயினும் அந்த இடைவெளி அவர் கணக்கிலேயே குறைந்தது. சட்டம் கேட்ட ஆண்டுகளை அவர் வாழ்ந்திருந்தார் என்பதும், வாழ்ந்ததைக் காட்டும் ஏடு அவரிடம் இல்லை என்பதும் இங்கு ஒருங்கே புலனாகின்றன.

அவசரகாலமும் அடையாள அட்டையும்

கூட்டரசு உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த நான்கரைத் திங்களில், 1948 ஜூன் 16ஆம் நாள், சுங்கை சிப்புட்டிற்கு அருகிலிருந்த எல்பில் தோட்டத்திலும் மற்றொரு தோட்டத்திலும் ஐரோப்பியர் மூவர் கம்யூனிஸ்டுகளால் கொல்லப்பட்டனர். முதலில் சில பகுதிகளிலும், ஜூன் 18இல் நாடு முழுமையிலும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. மலாயாவின் அடையாள அட்டை முறை இந்த அவசரகாலத்தின் விளைவாகும். 12 வயதுக்கு மேற்பட்ட அனைவரும் நிழற்படத்தோடும் பெருவிரல் ரேகையோடும் பதிந்துகொள்ளப் பணிக்கப்பட்டனர்.

தோட்டத் தமிழரின் கையில் அரசு முத்திரையுடன் வந்த முதல் தாள் பெரும்பாலும் இதுவே. ஆனால் அதன் நோக்கம் பாதுகாப்பு. கிளர்ச்சியாளரைப் பொதுமக்களிடமிருந்து பிரித்தறியவே அது வழங்கப்பட்டது. குடியுரிமையோடு அதற்குத் தொடர்பில்லை. இருப்பினும், அரசு தந்த அட்டை கையில் இருக்கும்போது வேறென்ன பதிவு வேண்டும் என்று தொழிலாளர் பலர் எண்ணியதாகப் பரவலாகக் கூறப்படுகிறது. அவ்வாறு எண்ணியதில் வியப்பில்லை.

1950ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின்கீழ்க் காட்டோரங்களில் சிதறி வாழ்ந்தோர் புதுக்கிராமங்களில் குடியமர்த்தப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் சீனர். அதே காலத்தில் தோட்டங்களிலும் ஈயச் சுரங்கங்களிலும் இருந்த தொழிலாளர் அவ்வவ் எல்லைக்குள்ளேயே வேலியிட்ட லயங்களில் ஒருங்கு சேர்க்கப்பட்டனர். பாதுகாப்பு நோக்கில் இரண்டும் ஒரே நடவடிக்கையின் இரு பகுதிகள். விளைவிலோ பெரும் வேறுபாடு உண்டு. புதுக்கிராமத்தார்க்கு அரசு நிலத்தில் மனை கிடைத்தது. காலப்போக்கில் குடியிருப்பு உரிமமும் குத்தகைப் பட்டாவும் கிடைக்க வழி ஏற்பட்டது. தோட்டத்தில் ஒருங்கு சேர்க்கப்பட்டோர் குடியிருந்தது முதலாளியின் நிலம். ஆகவே அவர்களுக்கு ஒரு சாண் மண்ணும் எழுதித் தரப்படவில்லை. வேலி இருசாராரையும் சூழ்ந்தது. வேலி அகன்றபோது ஒருசாராரிடம் முகவரி எஞ்சியது, மறுசாராரிடம் வேலை மட்டுமே எஞ்சியது.

விடுதலையும் பதிவும்: 1957 – 1962

1957 ஆகஸ்டு 31ஆம் நாள் விடுதலையோடு வந்த அரசியலமைப்பு பெரும் வாய்ப்பொன்றைத் திறந்தது. அன்று முதல் மலாயா மண்ணில் பிறப்போர் பிறப்பினாலேயே குடிமக்களாயினர். அதற்கு முன் பிறந்தோர்க்கு 16ஆவது விதி வழிவகுத்தது: 18 வயது நிறைந்து, முந்திய 7 ஆண்டுகளில் 5 ஆண்டு வசித்தவர் குடிமகனாகப் பதிந்துகொள்ள உரிமையுடையவர். வெளியே பிறந்து இங்குக் குடியேறியவர்க்கு 17ஆவது விதி, முந்திய 12 ஆண்டுகளில் 8 ஆண்டு வசிப்பைக் கேட்டது. முதல் ஓராண்டில் விண்ணப்பித்த மலாயாப் பிறப்பினர்க்கு மலாய்மொழித் தேர்விலிருந்து விலக்கும் அளிக்கப்பட்டது.

1948இன் விதியோடு ஒப்பிடும்போது இவை எளியவை. ஆயினும் இவற்றைப் பயன்படுத்த ஒருவர் இரண்டைக் காட்டவேண்டும்: இங்குப் பிறந்தமை அல்லது குடியேறியமை, இங்கு வசித்தமை. முன்னதற்குப் பிறப்புப் பத்திரம் வேண்டும். லயத்து வீட்டில் மருத்துவச்சியின் கையில் பிறந்த பலரின் பிறப்பு பதியப்படவே இல்லை. பின்னதற்குத் தோட்டத் துரையின் கடிதமோ கிராணியின் கையொப்பமோ தேவைப்பட்டது. விண்ணப்பிக்க நகருக்குச் செல்வதென்றால் ஒருநாள் கூலியை இழக்கவேண்டும். ‘ஊர்’ என்ற சொல் தமிழகத்துக் கிராமத்தையே குறித்துவந்த முதல் தலைமுறையினரிடம், இந்நாட்டைத் தம் ஊராக அறிவிப்பதில் தயக்கமும் இருந்திருக்கும். இத்தனை தடைகளையும் கடந்து பதிந்துகொண்டோர் பலர், விட்டுவிட்டோரும் பலர்.

வசிப்பைக் கணக்கிடுவதற்கும் விதிகள் இருந்தன. ஆறு திங்களுக்குக் குறைவாக வெளியே சென்றிருப்பின், அது வசிப்பின் தொடர்ச்சியைக் குலைக்காதவரை வசிப்பாகவே கொள்ளப்படும் என அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணை கூறுகிறது. மகளின் திருமணத்திற்கோ பெற்றோரின் இறுதிக்கடனுக்கோ கப்பலேறிச் சென்று, பயணச் செலவுக்குப் பணம் சேரும்வரை ஓராண்டு தங்கிவிட்டவரின் கணக்கு இவ்விடத்தில் சிக்கலுக்கு உள்ளாயிற்று.

1962ஆம் ஆண்டுத் திருத்தம் பிறப்புவழி உரிமையைச் சுருக்கியது. அவ்வாண்டு செப்டம்பருக்குப் பின் பிறந்தோர்க்கு, பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்கவேண்டும் என்ற நிபந்தனை சேர்ந்தது. 17ஆவது விதி பின்னர் நீக்கப்பட்டது. வெளியே பிறந்தவர்க்கு எஞ்சியது 19ஆவது விதியின்கீழான இயல்புரிமை: 12 ஆண்டுகளில் 10 ஆண்டு வசிப்பும் போதிய மலாய்மொழி அறிவும் இருந்தாலும், வழங்குவதும் மறுப்பதும் அரசின் விருப்பம். உரிமையாகக் கேட்டுப் பெறத்தக்கதாக இருந்தது வேண்டிப் பெறவேண்டியதாக மாறியது. தந்தை விட்டுவிட்ட ஒரு விண்ணப்பம் மகனின் பிறப்பையே ஐயத்திற்கு உள்ளாக்கும் காலம் இத்திருத்தத்தோடு தொடங்கிற்று.

இலங்கை மலையகம்: ஓர் ஒப்பீடு

வசிப்பிடச் சான்றின் வன்மையை உணர இலங்கை மலையகத் தமிழரின் வரலாற்றை ஒப்புநோக்குவது பயன்தரும். அங்கு 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றோராக்கியது. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வசிப்போர் சட்டம், 1946 ஜனவரி 1ஆம் நாளுக்கு முன், மணமானோர்க்கு 7 ஆண்டும் மணமாகாதோர்க்கு 10 ஆண்டும் இடையறாத வசிப்பை வேண்டிற்று. விண்ணப்பங்களில் அடங்கியோர் ஏறத்தாழ 825,000 பேர். குடியுரிமை பெற்றோரோ ஏறத்தாழ 134,000 பேர் மட்டுமே. தாயகம் சென்றுவந்த சிறு பயணங்களும், ஏடுகளில் கண்ட சிறு முரண்களும் மறுப்பிற்குக் காரணங்களாயின.

அரை நூற்றாண்டுக்குப் பின் நிலைமை மாறியது. 2003ஆம் ஆண்டில் இலங்கை நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் நிலையாக வசித்துவந்த இந்திய வம்சாவளியினர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும், உறுதிமொழிப் பத்திரத்தின் அடிப்படையில் குடியுரிமை பெற வழிசெய்தது. மக்கள் அவர்களே, தோட்டங்களும் அவையே. எதைச் சான்றாக ஏற்பது என்ற முடிவு மட்டுமே மாறியது. வசிப்பை மெய்ப்பித்தல் என்பது விண்ணப்பிப்பவரின் திறத்தை மட்டும் பொறுத்ததன்று. கேட்பவர் எதை ஏற்கிறார் என்பதையும் பொறுத்தது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

துண்டாடலும் வேலை அனுமதியும்

மலாயாவில் பதிவுக்கான வாய்ப்புகள் குறுகிய அதே காலத்தில் தோட்டங்களும் குலையத் தொடங்கின. 1950களில் ஐரோப்பிய முதலாளிகள் பலர் தம் தோட்டங்களை விற்றனர். வாங்கியோர் அவற்றைச் சிறுசிறு துண்டுகளாக்கி விற்றனர். 1951 முதல் 1960 வரையிலான தோட்டத் துண்டாடலை உங்கு அப்துல் அஸிஸ் மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து, 1962ஆம் ஆண்டில் விரிவான அறிக்கை வெளியிட்டார். சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தது இத்துண்டாடலுக்கு எதிர்வினையாகவே. தொழிலாளர் சிறுகச் சேர்த்த பங்குப் பணத்தைக்கொண்டு தோட்டங்களை வாங்குவது அதன் நோக்கம்.

துண்டாடலால் வேலையும் வீடும் போயின என்பது பலரும் எழுதியதே. அத்துடன் ஏடுகளும் போயின என்பது போதிய கவனம் பெறவில்லை. தோட்டம் பத்துப் பேர் கைக்கு மாறியபோது பழைய செக்ரோல்கள் எவர் பொறுப்பு? புதிய உரிமையாளர்க்கு அவற்றால் பயனில்லை. தொழிலாளிக்கோ அவை வாழ்நாள் சான்று. ஆனால் அவற்றின்மீது அவனுக்கு உரிமையில்லை.

இந்த இழப்பின் விளைவு விரைவிலேயே தெரிந்தது. 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை இல்லாதோர் வேலை அனுமதி பெறவேண்டும் என விதித்தது. 1969 மே 13 நிகழ்வுகளுக்குப் பின் அது கடுமையாக நடைமுறைப்படுத்தப்பட்டது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த தொழிலாளர்கள், தாம் பல்லாண்டு செய்துவந்த வேலைக்கே அனுமதி கேட்டு நிற்கவேண்டியதாயிற்று. அக்காலத்தில் ஏறத்தாழ 60,000 இந்தியர் நாடு திரும்பியதாக மதிப்பிடப்படுகிறது. ‘திரும்பினர்’ என்ற சொல்லையே மறுசிந்தனைக்கு உட்படுத்தவேண்டும். இங்கேயே பிறந்து, கப்பலில் கால்வைத்தறியாதவரும் அவர்களோடு சென்றிருப்பின், அவர் எங்குத் திரும்பினார்?

தோட்டத்திலிருந்து ஈப்போவுக்கு

ரப்பருக்கு மாற்றாகச் செம்பனை நடப்பட்டதும், தோட்ட நிலங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் விற்கப்பட்டதும் லயங்களை வெறுமையாக்கின. பேராக் தோட்டங்களைவிட்டு வெளியேறியோர் பலர் ஈப்போவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் குடியேறினர். அவசரகாலத்தில் புதுக்கிராமம் அமைந்த புந்தோங் இன்று தமிழர் செறிந்து வாழும் பகுதி. பேராக் சட்டமன்றத் தொகுதிகளுள் இந்திய வாக்காளர் விகிதம் மிக உயர்ந்த தொகுதியும் அதுவே.

நகருக்கு வந்ததும் முகவரிச் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. வேறு வடிவம் கொண்டது. உறவினர் வீட்டுப் பின்கட்டிலும், எழுத்தில் ஒப்பந்தம் இல்லாத வாடகை வீட்டிலும், புறம்போக்கு நிலத்துக் குடிசையிலும் வாழ்ந்தோர்க்கு மின்கட்டணச் சீட்டு வேறொருவர் பெயரில் வந்தது. அடையாள அட்டையிலோ பழைய தோட்டத்தின் பெயரே நீடித்தது. அங்கு லயம் இடிக்கப்பட்டு, செம்பனை வளர்ந்திருக்கும். அரசின் ஏட்டில் ஒருவர் குடியிருக்கும் வீடு மண்ணில் இல்லை. மண்ணில் அவர் குடியிருக்கும் வீடு அரசின் ஏட்டில் இல்லை.

இது பெயரளவிலான குறைபாடன்று. 2001ஆம் ஆண்டில் அறிமுகமான மைகார்டு அட்டையில் உரியவரின் முகவரி பொறிக்கப்படுகிறது. அட்டை எண்ணின் நடுவிலுள்ள இரு இலக்கங்கள் பிறந்த மாநிலத்தைக் குறிக்கும். 08 என்பது பேராக்கிற்குரியது. பிறந்த மாநிலம் எண்ணிலேயே நிலைத்துவிடுகிறது. குடியிருக்கும் இடத்தையோ ஒவ்வொரு மாற்றத்தின்போதும் உரியவரே அறிவிக்கவேண்டும். 2021 டிசம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்த தானியங்கி வாக்காளர் பதிவு, தேசியப் பதிவு இலாகாவில் உள்ள முகவரியைக் கொண்டே ஒருவரின் தொகுதியை முடிவுசெய்கிறது. முகவரியை மாற்றாதவரின் வாக்கு அவர் விட்டுவந்த தோட்டத்துத் தொகுதியிலேயே நிற்கிறது.

குடியுரிமைத் தகுதியே தீராதவர்களின் நிலை இன்னும் கடியது. 2011 பிப்ரவரியில் அரசு மைடஃப்தார் என்னும் இயக்கத்தை நடத்தி, பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் இல்லாத இந்தியரைப் பதிவுசெய்ய முனைந்தது. விடுதலை பெற்று அரை நூற்றாண்டு கடந்த பின்னும் அத்தகைய இயக்கம் தேவைப்பட்டது என்பதே, 1948இலும் 1957இலும் விடுபட்ட பதிவுகள் தலைமுறைகளைத் தாண்டி நீண்டதைக் காட்டுகிறது.

பள்ளிப் பதிவேடு: எஞ்சியுள்ள சான்று

செக்ரோல்கள் அழிந்தன; லயங்கள் இடிந்தன. எஞ்சியிருப்பது என்ன? தோட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்கும் தமிழ்ப்பள்ளி. சுங்கை சிப்புட்டில் எல்பில் தோட்டத் தமிழ்ப்பள்ளியும், பத்து காஜாவில் கிந்தா கெல்லாஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளியும் அத்தகையவை.

இப்பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேட்டை வரலாற்றாசிரியர் நோக்கில் காணவேண்டும். மாணவரின் பெயர், தந்தையின் பெயர், பிறந்த நாள், சேர்ந்த நாள், விலகிய நாள் ஆகியவை அதில் பதியப்படுகின்றன. செக்ரோல் விட்டுவிட்ட குழந்தைகளைப் பதிவேடு பிடித்துவைத்திருக்கிறது. அண்ணனும் தங்கையும் அடுத்தடுத்த ஆண்டுகளில் சேர்ந்திருப்பின், அக்குடும்பம் அத்தோட்டத்தில் தொடர்ந்து வசித்தது அதனாலேயே புலப்படும். தந்தை பெயர் வெவ்வேறு விதமாக எழுதப்பட்டிருப்பினும், உடன்பிறந்தோர் பதிவுகளை அருகருகே வைத்து அவர் ஒருவரே என நிறுவலாம். பிறப்புப் பத்திரம் இல்லாதோரின் விண்ணப்பங்களில், சத்தியப் பிரமாணத்தோடும் அண்டை அயலாரின் சாட்சியத்தோடும் பள்ளி ஆவணம் சேர்க்கப்படுவது இக்காரணத்தாலேயே.

1957ஆம் ஆண்டில் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று அவை ஏறத்தாழ 530. மூடப்பட்டும் இணைக்கப்பட்டும் போன முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகளின் பதிவேடுகள் எங்கே என்பது நாம் கேட்கவேண்டிய வினா. பள்ளி இடம்பெயரும்போது மேசையும் நாற்காலியும் கவனமாகக் கொண்டுசெல்லப்படுகின்றன. கறையான் அரித்த பழைய ஏட்டுக்கட்டு எரிப்பதற்குரிய குப்பையாகக் கருதப்படுகிறது. அக்கட்டினுள் ஒருவரின் குடியுரிமை இருக்கக்கூடும்.

முடிவுரை

மேற்கண்ட வரலாறு மூன்று உண்மைகளை உணர்த்துகிறது. முதலாவது, தோட்டத் தமிழரின் வசிப்பிடச் சிக்கல் அவர்களுடைய அலட்சியத்தால் மட்டும் விளைந்ததன்று. வீட்டையும் ஏட்டையும் முதலாளியின் கையில் வைத்த தோட்ட அமைப்பே அதற்கு அடிப்படை. இரண்டாவது, 1948, 1957, 1962, 1969 ஆகிய ஒவ்வோர் ஆண்டிலும் சட்டம் கேட்ட சான்று, அதற்கு முன்னரே ஏடாகியிருக்கவேண்டிய ஒன்று. கேட்கும் நாளில் அதனை உருவாக்க முடியாது. மூன்றாவது, இலங்கையின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் காட்டுவதுபோல, எதைச் சான்றாக ஏற்பது என்பது அரசு எடுக்கும் முடிவு. அம்முடிவு மாறவும் கூடும்.

அரசின் முடிவை மாற்றுவது ஆய்வாளர்க்கும் ஆசிரியர்க்கும் நேரடியாக இயலாது. ஆனால் சான்றைக் காப்பது இயலும். பேராக்கின் ஒவ்வொரு தோட்டத் தமிழ்ப்பள்ளியும் தன் பழைய சேர்க்கைப் பதிவேடுகளை ஒளிப்படமாக்கி, ஒரு படியைப் பள்ளியிலும் மற்றொன்றைப் பல்கலைக்கழக நூலகம் போன்ற பாதுகாப்பான இடத்திலும் வைக்கவேண்டும். தனிமனிதர் விவரங்கள் அடங்கியிருப்பதால், உரியவரும் அவர்தம் குடும்பத்தாரும் மட்டுமே அவற்றைக் கேட்டுப் பெறும் ஒழுங்கும் வேண்டும். கோயில் திருமணப் பதிவுகள், தோட்ட மருத்துவமனைக் குறிப்பேடுகள், தொழிற்சங்கச் சந்தா ஏடுகள் ஆகியவை கிடைக்குமாயின் அவற்றுக்கும் இது பொருந்தும். தோட்டத்தில் வாழ்ந்த மூத்தோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். எந்த லயத்தில் எவர் குடியிருந்தார் என்பதை அவர்கள் நினைவிலிருந்து கூறவல்லவர்கள். அதை எழுதிவைக்கும் பணியை மாணவரிடம் ஒப்படைப்பது நல்ல வரலாற்றுப் பயிற்சியும் ஆகும்.